எமில் வாயில் வைக்காத பில்ஸ்னர்

மன்னார் எமிலுக்கு ஜெர்மன் மொழி தெரியும் என்றால் ஒக்லாந்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அகதியாக டோர்ட்முண்டில் எட்டு வருஷம் இருந்தவனுக்கு அதுகூடத் தெரியாவிட்டால் எப்படி? ஆனால் அங்கே ஒரு மதுச்சாலையின் நிலவறையில் பீப்பாய் மாற்றி, குழாய் கழுவி, சந்தடி சாக்கில் ருசியும் பார்த்துக் கற்றுக்கொண்ட வித்தையை, லின்ஃபீல்டில் எந்த வீட்டு விருந்துக்குப் போனாலும் எடுத்து விரித்துவிடுவான். அந்த நாட்டின் வடக்கே கடற்கரைப் பக்கத்துப் பில்ஸ்னர் பியர் நாக்கில் சுள்ளென்று கசக்கும். பவேரியாவில் காய்ச்சுவது மென்மையானது, சுட்ட பாண் வாசம் அடிக்கும். மேற்குப் பக்கத்தது இரண்டுக்கும் நடுவில் நின்று நல்ல பிள்ளை வேஷம் போடும்.

“எதெண்டாலும் குழாயில குடிக்கோணும். போத்தல்ல அடைச்சு, கப்பலில ரெண்டு மாசம் வெக்கையில வந்தது பியரே?” என்பான். சொல்லிக்கொண்டே சிநேகிதன் றொய்ஸ்டன் வாங்கி வைத்த போத்தலில் நாலை முடித்துவிடுவான்.

1995 தொடக்கத்தில் அந்த வாய் அடங்கிப்போயிற்று. விசா ஜூனில் முடிகிறது. நிரந்தரமான ஒரு வேலைக் கடிதம் கிடைத்தால்தான் வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் மனைவி புஷ்பமலரையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று அவனுக்கே தெரியாது. திருநீற்றுப் புதனன்று கோயிலில் முழந்தாளில் நின்று மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தான்: வேலையைத் தா தாயே, உயிர்த்த ஞாயிறு வரைக்கும், இந்த நாற்பது நாளும், ஒரு சொட்டு நாக்கில் படாது. பயத்தில் சத்தமாகவே சொல்லிவிட்டான். பக்கத்தில் நின்ற புஷ்பமலர் கேட்டுவிட்டாள். மாதா மறந்தாலும் இவள் மறக்கிற ஆள் இல்லை.

மூன்றாவது கிழமை மாதா வேலையைக் காட்டினாள். காட்டிய இடத்தைப் பார்த்தால் அவளுக்கும் பகிடி தெரியும் போலிருந்தது. துறைமுகப் பக்கத்தில் ஓட்டோ என்ற பவேரியக்காரர் நடத்தும் மதுச்சாலைக்கு நிலவறைப் பொறுப்பாளர் தேவை. வெள்ளிக்கிழமை பரீட்சை. பில்ஸ்னர்களை ருசித்து எது எந்தப் பக்கத்தது, எது போத்தல், எது குழாய் என்று சொல்ல வேண்டும்.

“இஞ்சரும், இது குடிக்கிறதில்லை, வேலை. வாயில வச்சிட்டுத் துப்பிப்போடுவன்,” என்றான் எமில் புஷ்பமலரிடம்.

“நாக்கில படாது எண்டெல்லோ சொன்னனீங்கள்? நாக்கில படாமத் துப்புறது எப்பிடியெண்டு எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோ.”

“வேலை போனா?”

“நேர்த்தியை முறிச்சுப்போட்டுப் பிறகு ஆரிட்டப் போய்க் கேக்கப் போறியள்?”

எமில் பயந்தான், நன்றாகவே பயந்தான்.

பரீட்சைக்கு அவனோடு இரண்டு வெள்ளைக்காரர்கள் வந்திருந்தார்கள். மேசையில் ஆளுக்கு நாலு கிளாஸ். அவர்கள் மடமடவென்று குடித்து, உதட்டைத் துடைத்து, அரைவாசியைப் பிழையாகச் சொன்னார்கள். எமில் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். மூக்கை நுரைக்குக் கிட்டக் கொண்டுபோனான். காதையும் வைத்துக் கேட்டான். வைத்தியர் நாடி பிடிக்கிறமாதிரி ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்தான்.

“இது வடக்கு, பச்சைப்புல் வாசம் மூக்கில் குத்துகிறது. இது மேற்கு. மற்ற இரண்டும் உங்கள் ஊர்ப் பக்கத்து ஒரே பியர்,” என்றான் ஜெர்மனில். “இது குழாய்: குமிழ் சிறிது, நுரை இன்னும் இறங்கவில்லை. இது போத்தல்: பெரிய குமிழாகப் பொங்கி நுரை கலைந்துவிட்டது. பச்சைப் போத்தலாகவும் இருக்க வேண்டும். வெயில் பட்ட நாற்றம் அடிக்கிறது.”

ஓட்டோ தாடியைச் சொறிந்தார். நாலும் சரி. ஆனால் நாலு கிளாஸும் வார்த்தபடி அப்படியே இருந்தன.

“நீ குடிக்க மாட்டாயா?”

“மாதாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், ஐயா.”

எதுவரைக்கும் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுக்கிறதற்குள் ஓட்டோ அதை ஆயுள் முழுக்க என்று எடுத்துக்கொண்டு, எழும்பி நின்று சிலுவை அடையாளம் போட்டார். பதினொரு வருஷத்தில் நாலு நிலவறைக்காரரைப் பார்த்தாராம், நாலு பேரும் பீப்பாய்க்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தவர்களாம். இப்படி ஒருவனுக்காகத்தான் காத்திருந்தேன் என்று அவர் கண் கலங்கியபோது, உயிர்த்த ஞாயிறு என்ற சொல் எமிலின் தொண்டை வரைக்கும் வந்தது. ஜூன் மாதத்தை நினைத்தான். விழுங்கிவிட்டான்.

வேலைக் கடிதம் அங்கேயே எழுதப்பட்டது. ஓட்டோ சந்தோஷத்தில் கடைசி வரியாக ஒன்றைச் சேர்த்தார்: இந்த மதுச்சாலையில் இவர் ஒரு துளியும் குடிக்கமாட்டார். எமில் கையெழுத்துப் போட்டான். தன் தண்டனையைத் தன் கையாலேயே எழுதிக்கொள்ளும் வாய்ப்பு உண்மையை விழுங்கிய எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

ஓகஸ்டில் வதிவிடம் கிடைத்தது. புஷ்பமலர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான். அதற்குள் எமில் ஊற்றும் பில்ஸ்னருக்கென்றே கிளென்ஃபீல்டிலிருந்து பாலம் தாண்டி ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். குழாயை அவன் கழுவுகிற கழுவலும், நுரை கிளாஸுக்கு மேலே இரண்டு விரல் உயரத்துக்கு நிற்கிற நிற்பும் அப்படி. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் ஓட்டோ அவனைக் கட்டிப்பிடித்து, வந்திருக்கிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

வதிவிடம் கிடைத்த சந்தோஷத்தைக் கொண்டாட றொய்ஸ்டன் ஒரு பெட்டி போத்தல் பியரோடு வந்தான். எமில் ஒன்றை உடைத்துக் குடித்தான். முகம் கோணிற்று. ஆனாலும் குடித்தான்.

“அதுசரி, எல்லாரும் திறம் திறம் எண்டு புகழுறாங்கள். உன்ர குழாய்ப் பியர் உண்மையா எப்பிடியடா?” என்று கேட்டான் றொய்ஸ்டன்.

புஷ்பமலர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். எமில் கையிலிருந்த போத்தலைக் கீழே வைத்தான்.

“வாசம் திறம்,” என்றான்.