தனியாக ஏறாத விமானம்

எண்பதுகளில் அரியலூரில் டீச்சராக இருந்தபோது எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. நம் பக்கத்தில் அந்தக் காலத்திலேயே விமானம் ஓட்டிய பெண்களைத் தேடி அலைந்தேன். பள்ளி ஆண்டு மலருக்குக் கட்டுரை என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பைலட் ஆக ஆசைப்பட்டவள் நான். பள்ளி முடித்த வருஷம் அதைச் சொன்னதற்கு வீடே சிரித்தது. அந்த ஆசை மட்டும் போய்த் தொலையவில்லை.

உடையார்பாளையத்தில் அப்படி ஒரு அம்மா இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் சனிக்கிழமையே பஸ் ஏறினேன். அறுபது வயதிருக்கும். முந்திரித் தோப்புக்குள் வீடு. கல்யாணத்துக்கு முன் மெட்ராஸில் விமானம் ஓட்டக் கற்றவர். ஒவ்வொரு தடவை பறந்ததையும் குறித்து வைத்த அப்போதைய லாக் புக்கைப் பெட்டியில் புடவை மடிப்புக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினேன்.

“எல்லாத் தடவையும் வாத்தியார் கூட இருந்தாரு. அடுத்த வாரம் தனியா ஏத்துறேன்னாரு. அதுக்குள்ள எனக்கு நிச்சயம் பண்ணிட்டாங்க. பைலட்டுன்னு எழுதிப்புடாதீங்க டீச்சர்.”

“அட, அதையெல்லாம் யாரும்மா பார்க்கப் போறாங்க?”

“நான் பார்ப்பேன்ல?”

எனக்கு வந்ததே கோபம். இத்தனை அலைச்சலும் வீணா? நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க, அவர் பக்கத்துத் தோப்பில் முந்திரிக்கொட்டை வறுக்கும் புகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்க என்னம்மா பார்க்குறீங்க?”

“காத்தைத்தான். புகை கிழக்கால சாயுது பாருங்க. எதிர்க்காத்துலதான் எறங்கணும். இப்ப பிளேன் வந்தா, கிழக்கேருந்து மேற்கால பார்த்து எறக்கணும்.”

தினமும் பார்ப்பாராம். பாவி நான், அதையாவது குறித்துக்கொண்டேனா? இல்லை. பைலட் இல்லையென்றால் கட்டுரையிலும் இல்லை என்று வீம்பாக அவரை விட்டுவிட்டே எழுதினேன்.

மலர் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் கட்டுரையை விரல் வைத்துப் படித்தார். கடைசிப் பக்கம் வந்தது. மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். விரல் இப்போது இன்னும் மெதுவாக நகர்ந்தது.

“நல்லா எழுதியிருக்கீங்க” என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

“கத்துக்கிட்டேன்னு ஒரு வரி போட்டிருக்கலாமே டீச்சர். அது நெசந்தானே?”