அரை மாத்திரை

கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் கணினியைத் திறந்து அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார் டாக்டர் நைகாகா. ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. நேற்று ஆயிரத்து முந்நூற்று ஒன்பதுதான். உலகத்தில் எங்கோ மூன்று பேர் அவருடைய கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் தேநீர், வேர்க்கடலை எல்லாம்.

இருபத்திரண்டு கட்டுரைகள் எழுதியவர். இருபத்தொன்றை யாரும் சீந்தவில்லை. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் நான்கு மேற்கோள்; மூன்று அவரே போட்டுக்கொண்டது. ஜிஞ்சா நகர ஆய்வுக்கூடத்தில் யாராவது கேலி செய்தால், "ஏன், நான் பெத்த பிள்ளைக்கு நானே சோறு போட்டா தப்பா?" என்று சிரிப்பார்.

மிச்சமிருக்கும் ஒன்றுதான் பேர் வாங்கித் தந்தது. மலேரியா கண்ட குழந்தைக்கு முழு மாத்திரை வேண்டாம், பாதியே போதும் என்று ஆறு வருஷத்துக்கு முன் எழுதினார். மாத்திரைத் தட்டுப்பாட்டில் தவித்த ஊர்களெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டன. சந்தையில் சர்க்கரைவள்ளி விற்பவள்கூட, "அரை மாத்திரை முசாவோ வர்றாங்க, நல்ல கிழங்கா எடுத்து வை" என்பாள். அந்த ஊரில் முசாவோ என்றால் டாக்டர்.

ஆய்வுக்கூடத்துக்கு எதிரே குழந்தைகள் வார்டு. அரை மாத்திரை சாப்பிட்ட மூன்றாவது வாரத்தில் சில பிள்ளைகள் காய்ச்சலோடு திரும்பி வருவதை அவரும் பார்த்துத்தான் இருந்தார். "மறுபடி கொசு கடிச்சிருக்கும். வலை கொடுத்தது மீன் பிடிக்கவா?" என்று தாய்மார்களை விளாசுவார்.

போன மாதம் ஒரு காலைத் தேநீர் வேளையில் எல்லாம் இடிந்தது. முப்பது வருஷமாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருக்கும் பலிதாவா பழம்பெருமை பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடிச் சில்லில் தடவிய ரத்தத் துளியில் வெள்ளை அணுக்களை எண்ணிக்கொண்டே வர வேண்டும், இருநூறு சேர்வதற்குள் எத்தனை கிருமி தென்படுகிறது என்று குறிக்க வேண்டும். அரை மாத்திரை ஆய்வின் கணக்கு அப்படி.

"இருநூறோட நிறுத்துறவன் சோம்பேறி, முசாவோ. உங்க ஆய்வுல முதல் நாள் கண்ணாடி பூரா நான் ஐந்நூறு வரைக்கும் எண்ணினேன். கண்ணு அவிஞ்சாலும் பரவால்லன்னு எண்ணினேன்!"

அரை மாத்திரைக் குழந்தைகளின் முதல் நாள் கண்ணாடிகள்தான் அவர் பங்கு. மூன்றாம் நாள் கண்ணாடிகளை வேறொருவர் இருநூறு வரைதான் எண்ணினார். நைகாகா இரண்டையும் இருநூறென்றே வைத்துக் கணக்குப் போட்டிருந்தார். ஆரம்பத்தில் இருந்த கிருமி இரண்டரை மடங்காக ஊதித் தெரிந்தது. மருந்து அவ்வளவையும் விரட்டிவிட்டது போலவும் தெரிந்தது. தேநீரை அப்படியே வைத்துவிட்டு நைகாகா எழுந்தார். மதியத்துக்குள் திரும்பக் கணக்கிட்டார். பாதி மாத்திரை போதவே போதாது.

"அடப்பாவி, அந்தப் பொம்பளைங்களையா நான் திட்டினேன்?" என்று வாய்விட்டே சொன்னார்.

விஷயத்தை அவர் போய்ச் சொன்னதும் துறைத் தலைவர் இசபிரியே கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "வியாழக்கிழமை பேராசிரியர் பதவிக்கு உன் பேரு குழுவுக்குப் போகுது. அந்தக் கட்டுரையை எடுத்துட்டா உன்கிட்ட என்ன இருக்கு? வெள்ளி வரைக்கும் வாயை மூடிக்கிட்டிரு, தாயே. முடியலேன்னா பலிதாவா தப்பு பண்ணிட்டார்னு எழுது. ரிட்டயர் ஆகப்போற மனுஷன், அவருக்கு என்ன குறைஞ்சுடப் போகுது?"

"அவர் கூடுதலாத்தான் எண்ணினார் சார். எத்தனை எண்ணினேன்னு ஒரு வார்த்தை கேக்காத கழுதை நான்தான்."

வாய் சொல்லிவிட்டது, கை வரவில்லை. பதினோரு வருஷமாக அந்தப் பதவிக்குக் காத்திருந்தவர். மகான் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை முழுக்க, கட்டுரை வெளிவந்த பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்தார். செவ்வாய்க்கிழமைதான் அனுப்பினார்: கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், பிழை என்னுடையது. பலிதாவாவின் பெயரே அதில் இல்லை.

வியாழனன்று குழு அவர் பெயரைத் தள்ளிவைத்தது. அதே காலையில் பத்திரிகையிலிருந்து பதில் வந்தது. நேர்மைக்கு நன்றி, விசாரணை முடிய எட்டு மாதம் ஆகும், அதுவரை கட்டுரை அப்படியே இருக்கும். எட்டு மாதம்! அதற்குள் எத்தனை பிள்ளைகள்? மேலும் நூற்றைம்பது பேர் மேற்கோள் காட்டுவார்கள், அவர்களை நம்பி எந்தெந்த ஊரிலோ மாத்திரையை உடைப்பார்கள்.

நைகாகா எழுந்து வார்டுக்கு நடந்தார். நர்ஸ் முதேசி ஒரு மாத்திரையை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைத் தண்ணீரில் கரைத்து, தாயின் மடியில் கிடந்த ஒரு குழந்தைக்குப் புகட்டிக்கொண்டிருந்தாள். மறு பாதி தட்டில் கிடந்தது. நைகாகா அதை எடுத்தார்.

"அய்யோ முசாவோ, பாதிதான் கொடுக்கணும்!" முதேசி பதறிப்போய்ச் சுவரைக் காட்டினாள். "அந்த அட்டையில பாருங்க, கீழே உங்க பேரே போட்டிருக்கே!"

நைகாகா சுவரைப் பார்க்கவில்லை. தாயின் உள்ளங்கையில் அந்தப் பாதியை வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.