பேர் சொல்லுங்க, அப்புறம் கத்தி

எண்பதுகளின் கடைசியில் என் மகள் பிறந்தபோதே கழுத்தின் இடப்பக்கம் எலுமிச்சை அளவுக்கு மெத்தென்று ஒரு வீக்கம் இருந்தது. செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குக் குழந்தை பார்க்க வந்தவர்கள் எல்லோருமே டாக்டர்கள்தான். "பொன்னுக்கு வீங்கி. தங்கம் போட்டா வடிஞ்சிடும்" என்று நாத்தனார் தன் சங்கிலியைக் கழற்றிக் குழந்தைக்குப் போட்டுவிட்டார். பத்து நாள் ஆகியும் வடியவில்லை. உடனே என் பக்கம் திரும்பினார்.

"மாசமா இருக்கும்போது கிரகணத்தன்னைக்கு வெளில போனியா?"

போனேன்தான். மொட்டைமாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து வீட்டில் நான்தான் குற்றவாளி.

எட்டாம் மாதம் குழந்தைக்குச் சளி பிடித்தது. இரண்டே நாளில் வீக்கம் ஆரஞ்சுப் பழம் அளவானது. இரும்புலியூரில் நாங்கள் வழக்கமாகப் போகும் டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"சீழ்க்கட்டி. நாளைக்குக் காலையில கீறிடலாம்."

"பிறந்ததுலேருந்தே இருக்கு சார். சீழ் எட்டு மாசமாவா இருக்கும்?"

"நீங்க டாக்டரா, நான் டாக்டரா?"

"நான் அம்மா. என்னன்னு பேர் சொல்லுங்க, அப்புறம் கத்தியை எடுங்க."

கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார். டாக்டரை எதிர்த்துப் பேசுவது அவருக்குப் பாவம். எனக்குக் கோபம் பாதி, பயம் பாதி. மறுநாள் காலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிவிட்டேன்.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா முதலில் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச்சை வீக்கத்தின்மேல் ஒட்டிவைத்தார். வீக்கம் முழுவதும் சிவப்பாக ஒளிர்ந்தது.

"சீழ்னா வெளிச்சம் இப்படிப் பாயாது. உள்ள நிணநீர் தேங்கியிருக்கு. வயித்துல வளரும்போதே அது ஓடுற குழாய்ங்க சரியா உருவாகல. சிஸ்டிக் ஹைக்ரோமான்னு பேர், அபூர்வமாத்தான் வரும். கீறியிருந்தா கிருமி புகுந்து மூச்சுக்கே ஆபத்தாயிருக்கும். சளி அடங்கட்டும், முறையா ஆபரேஷன் பண்ணலாம்."

"கிரகணத்துல வெளில போனதால..." என்று இழுத்தேன். கேட்கவே வெட்கமாக இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. "நீங்க செஞ்ச எதனாலயும் இல்லம்மா."

"அதைத் தமிழ்ல சீட்டுல எழுதித் தாங்க டாக்டர்."

எழுதித் தந்தார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சீட்டை நாத்தனாரிடம் நீட்டினேன்.

"படிங்கக்கா, சத்தமா."

அவர் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார்.

"காதுல விழல" என்றேன்.