பெயிண்டின் மேல் முடுக்கிய எர்த்

தச்சநல்லூர் ரைஸ்மில்லில் எடை மிஷினின் எண் நிலையில்லாமல் ஆடியது. சில மூட்டைகளில் எடை குறைந்ததால், அரிசியைத் திருடியதாகச் சொல்லி, மூட்டை பிடிக்கும் செல்வி அக்காவை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள்.

எலக்ட்ரீஷியனான நான் பேனலைத் திறந்தேன். மோட்டார்களின் மின் இரைச்சல் எடைக் கேபிளுக்குள் புகாமல் தடுக்க, அதைச் சுற்றிக் கம்பி வலை இருக்கும். அந்த வலையின் எர்த் முனையைப் மின்சாரத்தைக் கடத்தாத புதுப் பெயிண்டின் மேலேயே முடுக்கியிருந்தார்கள். பெயிண்டைச் சுரண்டி முடுக்கினேன். எண் அசையாமல் நின்றது.

"ஆயுத பூஜைக்கு நாந்தாம்வே கழத்திப் பெயிண்ட் அடிச்சேன்," என்றார் முதலாளி.

அக்கா வீட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார். அவர் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா பைய சொன்னார்:

"அன்னைக்கு என் பேச்சை நம்பலை. இப்பவும் மிஷின் சொல்லித்தான வந்திருக்கீய, அண்ணாச்சி."

பழுதை நீக்கிவிட்ட நிறைவோடுதான் நான் போயிருந்தேன். எண் மட்டும்தான் சரியாகியிருந்தது.