காற்றில்லாத கடலில் கிளெனிஸ் சொன்னது

சவுத்தாம்ப்டனில், ஷர்லி கடைத்தெருவில், இருபத்தாறு வருஷமாகக் கப்பல் பயணம் விற்றவள் கிளெனிஸ் டிரான்டர். அவள் கடையில் இரண்டாவது மேசை என்னுடையது. வருகிறவர்கள் என்னிடம் கழிப்பறை எங்கே என்று மட்டும் கேட்பார்கள். கப்பலைப் பற்றியெல்லாம் அவளிடம்தான். "நீ சொன்னா சரி கிளெனிஸ்" என்று கையெழுத்துப் போடுவார்கள். கம்பெனியின் பெயரைக்கூடப் படிக்க மாட்டார்கள்.

அட்ரியானா என்ற இத்தாலியக் கம்பெனி எங்கள் துறைமுகத்துக்கு வந்த முதல் கோடையில் கப்பல் பாதி காலியாகவே போய் வந்தது. அறிவிப்புகள் நான்கு மொழிகளில் வந்தன, ஆங்கிலம் கடைசியில். கேபினில் டீ போட வழியில்லை. இந்த இரண்டாவது குற்றத்தை எங்கள் ஊர்க்காரர்கள் மன்னிப்பதில்லை. கம்பெனி ருஜ்ஜேரோ பஸ்தோரினி என்றொருவனை அனுப்பியது. 'பிரிட்டிஷ் பயணிகள் நம்பிக்கைத் துறை, தலைவர்' என்று அவன் அட்டையில் அச்சடித்திருந்தது. நம்பிக்கைக்கென்று தனியாகத் துறை வைத்துக்கொள்கிறவர்களிடம் அது எவ்வளவு இருக்கும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

"சொல்லுங்க மேடம், உங்க ஆளுங்களுக்கு என்னதான் வேணும்?"

"ஏதாவது தப்பாப் போச்சுன்னா கேப்டன் உடனே மைக்ல வந்து உள்ளதைச் சொல்லணும். முணுமுணுப்பாங்க. ஆனா உங்களை விட்டுப் போக மாட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கேபினுக்கு ஒரு கெட்டில் வைங்க."

அப்போதுதான் அவன் பேனாவின் மூடியைத் திறந்தான்.

அடுத்த கோடையில் கப்பல் முழுக்கக் கெட்டில். ஆரஞ்சுத் தோல் ஜாம், எங்கள் நாட்டுக் கொடி போட்ட தலையணைகள், காலையில் வினாடி வினா. கிளெனிஸ் அறுபத்திரண்டு பேரைச் சேர்த்து நார்வேக்கு அழைத்துப் போனாள். நானும் கூடப் போனேன்.

மூன்றாம் நாள் காலை உணவின்போது அவள் தன் தண்ணீர்க் கிளாசையே உற்றுப் பார்த்தாள். "தண்ணி நேத்து மாதிரி நடுங்கல, பாரு. இன்ஜின்ல பாதி செத்துக் கிடக்கு."

சற்று நேரத்தில் அறிவிப்பு வந்தது: பலத்த காற்று, பெர்கன் துறைமுகத்துக்குள் நுழைய முடியவில்லை, நேரே சவுத்தாம்ப்டன் திரும்புகிறோம். வெளியே கடல் இஸ்திரி போட்ட துணிபோலக் கிடந்தது. தூரத்தில் ஒரு மீன்பிடிப் படகின் புகை நெட்டுக்குத்தாக மேலே போனது. அதைப் பார்த்துக்கொண்டே எங்கள் ஆட்கள் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

எங்களோடு கப்பலில் வந்திருந்த ருஜ்ஜேரோவைக் கிளெனிஸ் படிக்கட்டில் மடக்கினாள்.

"ஒரு இன்ஜின் போயிடுச்சு," என்றான் அவன், அடிக்குரலில். "இன்னொண்ணுல மெதுவா ஊர் போய்ச் சேர்ந்துடலாம். நீங்க மேடையில ஏறி, காத்துதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். உங்களை நம்புவாங்க."

"ஆமா, நம்புவாங்க. அதனாலதான் சொல்ல முடியாது."

பதினொரு மணிக்கு வினாடி வினா தொடங்குமுன் மேடை ஏறி மைக்கை வாங்கினாள். "காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு இன்ஜின் நின்னு போச்சு. இன்னொண்ணு ஓடுது. இப்போ ஆபத்து இல்லைன்னு சொல்றாங்க. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற டெஸ்மண்ட் ஹாலட் எழுந்தார். முகம் பீட்ரூட்டாகச் சிவந்திருந்தது. "பச்சைப் பொய்யா? எங்ககிட்டயா? இந்தக் கம்பெனிக் கப்பல்ல இனி என் செருப்புகூட ஏறாது!" அரங்கமே கைதட்டியது. அந்த ஐந்து நிமிஷம் எனக்கே என் ஊர்க்காரர்கள்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

நாலு மணிக்கு அந்த மரியாதை போய்விட்டது. வெள்ளைக் கையுறை போட்ட பணியாளர்கள் வெள்ளித் தட்டுகளில் ஸ்கோன் என்ற இனிப்பு ரொட்டியும் திரண்ட க்ரீமும் கொண்டுவந்தார்கள். அடுத்த பயணத்துக்குக் கால்வாசிக் கட்டணம் தள்ளுபடி என்று ஆளுக்கொரு சீட்டு. கேப்டன் மேசை மேசையாக வந்து கைகுலுக்கினார். இன்ஜின் என்ற சொல்லை அவரும் எடுக்கவில்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை.

"அந்த ஆளு கண்ணைப் பார்த்துப் பேசுறாரு," என்றார் டெஸ்மண்ட், மீசையில் க்ரீமோடு. "ஏம்மா கிளெனிஸ், நீதான் எல்லாரையும் வீணா பயமுறுத்திட்டே. பெரிலுக்குப் படபடப்பே வந்துடுச்சு."

அவர் மனைவி பெரில் மூன்றாவது ஸ்கோனைப் பிளந்துகொண்டே தலையாட்டினாள்.

கிளெனிஸின் காது சிவந்துபோனதைப் பார்த்தேன்.

ஊர் திரும்பிய வாரமே கம்பெனி எங்கள் கடையோடு உறவை முறித்துக்கொண்டது. அறுபத்திரண்டு பேரில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் தள்ளுபடிச் சீட்டை நீட்டி நேராகக் கம்பெனியிடமே அடுத்த பயணத்தைப் பதிந்துகொண்டார்கள். அவள் உட்கார்ந்து கப்பல் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு நான்கு பக்கம் எழுதினாள்: எந்த மணிக்கு அதிர்வு குறைந்தது, ருஜ்ஜேரோ என்ன சொன்னான், எல்லாமே. அடுத்த முறை கப்பல் சவுத்தாம்ப்டன் வந்ததும் அதிகாரிகள் ஏறினார்கள். ஒன்பது நாள் கப்பலைத் துறைமுகத்திலேயே கட்டிப்போட்டார்கள். இரண்டாவது இன்ஜினும் எந்த நேரமும் நின்றுவிடும் நிலையில் இருந்ததாம்.

கம்பெனி தலைகுனிந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? புதிய விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் போட்டார்கள்: 'பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒவ்வொரு திருகாணியையும் சோதித்த கப்பல்.' ஒரே மாதத்தில் கேபின்கள் தீர்ந்துவிட்டன. டெஸ்மண்ட் எங்கள் கடைக்குள் வந்தே அந்தத் தாளை விரித்துக் காட்டினார். "நம்ம ஆளுங்க பார்த்துட்டாங்கல்ல. இனிமே கண்ணை மூடிட்டு ஏறலாம்."

"அதைத்தானே இத்தனை நாளும் பண்ணினீங்க," என்றாள் கிளெனிஸ். அவருக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டுப் போனார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "இவங்களுக்காகவா கடையைக் கெடுத்துக்கிட்டே?"

"இவங்களுக்கா?" அவள் கணினியிலிருந்து தலையை எடுக்கவில்லை. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பேருந்துச் சுற்றுலா ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். "அந்தக் கப்பலோட கீழ்த்தளத்துல துணி துவைக்கிறவங்க, பாத்திரம் கழுவுறவங்க எழுநூறு பேரு இருக்காங்க. நடுக்கடல்ல கப்பல் நின்னு போனா அவங்களுக்கு யாரு ஸ்கோன் குடுப்பாங்க? சரி, அந்த டீச்சரம்மா நம்பரைத் தேடிக் குடு."