முகூர்த்தப் பட்டும் ஒற்றைத் தும்மலும்

பட்டுக்கடையில விக்கிறவளுக்குச் சிரிப்பு இருக்கணும், பொறுமை இருக்கணும், மூக்கு மட்டும் இருக்கவே கூடாது. எனக்கு இருந்து தொலைச்சுது. புதுப்பட்டை உதறினாலே தும்மல். தும்மிகினே சேலை வித்து, வீட்டுக்கு ஓடிப்போய்க் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற ஆரணி அக்கா தங்கச்சிங்களே, என் பேஜார் உங்களுக்குத்தான் புரியும்.

இன்னொண்ணு வரல

முகூர்த்தச் சேலை எடுக்கையில ஒத்தைத் தும்மல் ஆகாது. கூடவே ரெண்டாவது வந்துட்டா நல்ல சகுனம். எனக்கு எப்பவும் ஜோடியாத்தான் வரும், அதனால பிழைச்சுகினு இருந்தேன். ஒரு நாள் காலையில தும்மலுக்குன்னு மெடிக்கல்ல கேட்டு ஒரு மாத்திரை வாங்கிப் போட்டிருந்தேன். செய்யார்லேர்ந்து வந்த கல்யாண வீட்டுக்காரங்க ஒரு அரக்குச் சேலையில மனசு வச்ச நேரம், ஒண்ணு வந்துது. அதோட சரி. முந்தானையை மோந்து பார்த்தேன், டியூப் லைட்டை அண்ணாந்து பார்த்தேன், ஒண்ணும் நடக்கல. சேலையைத் தள்ளி வச்சுட்டு, பொண்ணோட அம்மா பாவமா கேட்டாங்க: "இன்னொண்ணு போட்டுடேம்மா, எங்களுக்கு இந்தக் கலர்தான் புடிச்சிருக்கு."

மேகலாவோட மடி

அந்த மாத்திரை போட ஆரம்பிச்சதுலேர்ந்து எனக்குத் தூக்கம் தூக்கமா வந்துது, பாலும் கம்மியாயிடுச்சு. மாத்திரை போட்டவ பாலே குழந்தைக்கு ஆகாதுன்னு மாமியார் சொல்லிட்டாங்க. எங்க வீட்டுல இன்னொரு பால்காரி உண்டு, என் கொழுந்தன் பொண்டாட்டி மேகலா. அவளுக்கும் கைக்குழந்தை, பையன். அவன் குடிச்சும் மிச்சம் இருக்கும் அவளுக்கு. ஒரு சாயங்காலம் வீட்டுக்குள்ள நுழையறேன், என் பொண்ணு அவ மடியில கண்ணை மூடிக் குடிச்சுகினு இருக்கா. எனக்கு வயிறு எரிஞ்சுது, மறைக்கமாட்டேன். அவ கெட்டவளா இருந்தா நாலு வார்த்தை கேட்டிருப்பேன். நல்ல மனசோட செய்யறா, அதான் இன்னும் எரிஞ்சுது.

மாத்திரையை நிறுத்தினேன். கடையில நாளெல்லாம் தும்மல். முகூர்த்தப் பட்டு பக்கமே வராதேன்னு முதலாளி என்னைப் பின்னாடி அனுப்பிட்டாரு. வீட்டுல மார்ல போட்டா, பொண்ணு முகத்தைத் திருப்பிகினு மேகலாவைப் பார்த்துக் கையை நீட்டுது. மேகலா சிரிச்சுகினே வாங்கிக்கிட்டா: "என் மடி பழகிடுச்சுக்கா, நீங்க போய் ரெஸ்ட் எடுங்க."

டாக்டரம்மா கேட்டது

ரெஸ்ட்டா எடுப்பேன்? மறுநாளே குழந்தையைத் தூக்கிகினு டாக்டரம்மாகிட்ட போனேன். மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. இது சளிக்கும் மூக்கடைப்புக்கும் சேர்த்துப் போடறது, இதுல இருக்கிற மருந்து பாலைக் குறைக்கலாம், தூக்கமும் வரும்னாங்க. தூக்கம் அதிகம் வராத அலர்ஜி மாத்திரையா எழுதிக் கொடுத்து, குழந்தை வழக்கத்துக்கு மேல தூங்கினாலோ சரியா குடிக்கலைன்னாலோ வந்து சொல்லுன்னாங்க. குழந்தை வாய் வைக்க வைக்கத்தான் பால் ஊறுமாம். கடைசியில, என் மாமியாருக்குப் போய்ச் சேரவேண்டிய ஒரு கேள்வியைக் கேட்டாங்க: "உன்னைப் பால் கொடுக்காதேன்னு யாரும்மா சொன்னது?"

எனக்கு வராதுக்கா

விடாம மார்ல போட்டேன். முதல்ல கத்தினா, அப்புறம் சப்பினா, மெள்ள மெள்ளப் பாலும் திரும்பிச்சு. புது மாத்திரையில தும்மலும் அடங்க, முதலாளி பழையபடி முன்னாடி நிக்கச் சொன்னாரு. ஒரு நாள் வேலை முடிஞ்சு வாசல்ல செருப்பைக் கழட்டறேன், மேகலா இடுப்புலேர்ந்து என் பொண்ணு என்மேல தாவினா. வாங்கி அணைச்சுகினு மேகலாவைப் பார்த்தேன். ஜெயிச்ச பார்வைதான், வேற என்ன. அவ முகம் சுருங்கிப்போச்சு. வெறுங்கையை முந்தானையில துடைச்சுகினா. அப்புறம் என் கடை யூனிஃபார்ம் புடவையையும் தோள்ல தொங்கின பையையும் பார்த்துச் சொன்னா: "உங்களுக்குக் கடையும் இருக்கு, பொண்ணும் இருக்கா. எனக்கும் முதலாளிகிட்ட ஒரு வேலை கேளுங்கக்கா, எனக்குத் தும்மலே வராது."

பொறாமைக்குன்னு ஒரு மாத்திரை வந்தா, பால் கொடுக்கிறவங்க போடலாமான்னு டாக்டரம்மாவை முதல்ல கேக்கப்போறது நான்தான்.