மூன்று கிளாவர்

சீட்டாடுகிற பொம்பளை என்று ஸ்ரீரங்கத்தில் என்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் உண்டு. பேசட்டும். எங்கள் தெருவில் பிரிட்ஜ் ஆடத் தெரிந்தவர்கள் நாலே பேர், அதில் நான் ஒருத்தி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். சீட்டைப் படிக்க எண்ணும் நாலு படமும் தெரிந்தால் போதும். பொன்மலை ரயில்வே குடியிருப்பில் இருந்தபோது நாலாவது ஆள் கிடைக்காமல் என் வீட்டுக்காரர் என்னை உட்கார வைத்தார். அதற்குப் பிறகு நான் எழுந்திருக்கவில்லை.

இப்போது இருப்பது கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் காபி குடித்ததும் மேல்வீட்டு சாரும் அவர் சம்சாரம் டீச்சரும் இறங்கி வருவார்கள். காலையில் சர்ச், சாயங்காலம் எங்கள் வீடு. ஃபேன் ஓடினால் சீட்டு பறக்கும் என்று நிறுத்திவிடுவோம். வேர்க்க வேர்க்க ஆடுவோம். அவர்கள் ஒரு ஜோடி, நானும் என் வீட்டுக்காரரும் ஒரு ஜோடி. ஜோடிகள் எதிரெதிரே உட்கார வேண்டும்.

இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்ற நாலு இனத்தில் எது துருப்பு, எத்தனை பிடி எடுப்போம் என்று ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதிலேயே தன் கையில் இருப்பதை ஜோடிக்கு உணர்த்திவிடலாம். இதில் முந்திக் கேட்பது என்று ஒரு வேலை உண்டு. கையில் பெரிய சீட்டு இல்லை, ஆனால் ஒரே இனத்தில் ஏழு சீட்டு நிற்கிறது என்றால், ஒன்று இரண்டு என்று ஏறாமல் முதல் வாயிலேயே மூன்று என்று போட்டுவிடுவது. எதிராளிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள இடமே இருக்காது. ஆனால் எப்போது முந்துவது என்று தெரிய வேண்டும்.

"தோத்தா எவ்வளவு போகும்னு பாரு. எதிர்ல நான் இன்னும் வாயத் தொறக்கலேன்னா ரெண்டு தரம் யோசி. அவங்களோட சேத்து என்னையும் அடைக்கிறே" என்பார் என் வீட்டுக்காரர். "ஒரு தரம் முந்திட்டா அப்புறம் பேசாம இரு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொள்வார் என்ற தைரியத்தில்தான் இத்தனை வருஷமும் முந்தினேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் நான் ஒரு ஆட்டின் என்று கேட்டேன். அவர் இரண்டு இஸ்பேட் என்றார்; கை நிறைய இஸ்பேட் இருந்தால்தான் அப்படிக் கேட்பது. ஆட்டம் முடிந்து பார்த்தால் அவரிடம் இருந்தது இரண்டே இரண்டு பொடி இஸ்பேட். "கண்ணாடி மாத்தணும் போல" என்று சிரித்தார். மாற்றினோம். அடுத்த வாரமும் அப்படியே. அதே மாதம் காய்கறி மார்க்கெட்டில் ஸ்கூட்டரை விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். ஸ்கூட்டர் எங்கே என்று கேட்டால், "எந்த ஸ்கூட்டரு?" என்றார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. பெங்களூரில் இருக்கும் எங்கள் மகன் முன்பே சொல்லி வைத்திருந்தான்: "அப்பாவுக்கு ஏதாவதுன்னா இந்த வீட்டைப் பூட்டிடலாம்மா. இங்க ஒரு இடம் பாத்து வச்சிருக்கேன். நர்ஸ் எல்லாம் இருக்காங்க, நல்லா பாத்துப்பாங்க." என் கையால் சாப்பிட்ட மனுஷனை எவளோ பார்த்துக்கொள்வாளாம்.

அன்றிலிருந்து நான் முந்த ஆரம்பித்தேன். ஏழு சீட்டு இருந்தாலும் முந்தினேன், ஐந்து இருந்தாலும் முந்தினேன். நான் மூன்று என்று போட்டுவிட்டால் அவர் பாஸ் சொன்னால் போதும். மகனின் போன் வந்தாலும் அதேதான். அவன் வாயைத் திறக்குமுன், "அப்பா நல்லா இருக்காரு, சாப்பிட்டுப் படுத்திருக்காரு, நீ உடம்பப் பாத்துக்க" என்று முடித்துவிடுவேன்.

"என்னக்கா, இன்னிக்கும் மூணுலதான் ஆரம்பமா? ஒண்ணு ரெண்டெல்லாம் மறந்துபோச்சா?" என்பார் சார்.

"பயமா இருந்தா பாஸ் சொல்லுங்க சார்" என்பேன்.

டீச்சர் சிரிக்கமாட்டார். என் வீட்டுக்காரரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காற்று அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே கொள்ளிடம் வெறும் மணலாகக் கிடந்தது. கேட்கும் முறை முதலில் எனக்கு. மூன்று கிளாவர் என்றேன். சார் பாஸ். என் வீட்டுக்காரர் சீட்டை வெகுநேரம் பார்த்தார். "ம்... பாஸ்" என்றார். டீச்சரும் பாஸ். எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் இந்த ஆட்டத்தில் ஒன்று இருக்கிறது. கேட்டு ஜெயித்தவர்தான் ஆடுவார். அவருடைய ஜோடி தன் சீட்டையெல்லாம் எல்லாரும் பார்க்க மேஜையில் பரப்பிவிட வேண்டும். என் வீட்டுக்காரரின் வாயை மூட நான் முந்தியபோதெல்லாம் அவர் கையை நானே திறந்து காட்டிக்கொண்டிருந்தேன்.

பரப்பினார். மூன்று ஆஸ், இரண்டு ராஜா. ஐந்து கிளாவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஏற வேண்டிய கை. அதைவிட, இஸ்திரி போட்ட மாதிரி இனம் பிரித்து அடுக்குகிற மனுஷன், சிவப்பும் கறுப்புமாகக் கலந்து போட்டிருந்தார். ஒரு சீட்டு குப்புறக் கிடந்தது.

டீச்சர் கையை நீட்டி, குழந்தை நோட்டைச் சரி செய்வதுபோல, ஒவ்வொன்றாக இனம் பிரித்து அடுக்கினார். குப்புறக் கிடந்ததையும் திருப்பி வைத்தார்.

"வேர்க்குது. மோர் கொண்டாரேன்" என்று நான் எழுந்து அடுக்களைக்குப் போனேன். டம்ளரில் ஊற்றும்போது மேஜையில் என் போன் அடித்தது. மகன்தான், அவன் கூப்பிடும் நேரம். மோரை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் என் வீட்டுக்காரர் எடுத்துவிட்டார்.

"அவங்க உள்ள இருக்காங்க தம்பி" என்றார், ரொம்ப மரியாதையாக. "நான் சும்மா சீட்டாட வந்தவன்."

ஓடி வந்து போனை வாங்கினேன். முந்திக்கொள்ள வாயெடுத்தேன். அதற்குள், "எவ்ளோ நாளாம்மா?" என்றான் மகன்.

சாரும் டீச்சரும் தலை நிமிரவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும், மேஜையில் டீச்சர் அடுக்கி வைத்த சீட்டுகளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உக்காருங்க" என்றார் என்னிடம். "யாரோ நல்லா அடுக்கி வச்சிருக்காங்க. நீங்கதானே ஆடணும்?"

போனில் மகன், "அம்மா, நாளைக்குக் காலையில நான் வரேன்" என்றான்.